ஹைட்டி: வாக்கு எண்ணி முடித்த பிறகு யார் யாரோடு சமரசம் செய்துகொள்வது?

மருதநிலவன் (இழையைத் தொடங்கியவர்)

ஹைட்டியைப் பற்றி நம் நாளிதழ்களில் வருவதெல்லாம் நிலநடுக்கம், புயல், ஆயுதக் கும்பல்கள் ஆகிய மூன்றைப் பற்றித்தான். அந்த மக்கள் எத்தனை முறை விடியற்காலையில் போய் வரிசையில் நின்று வாக்களித்தார்கள், அந்த வாக்குகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழில் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. அதற்காகவே இந்த இழை. 2006 தேர்தலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

பின்னணி: 2004 பிப்ரவரி 29 அன்று அதிபர் அரிஸ்டீட் அமெரிக்க விமானத்தில் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். தாமாகவே பதவி விலகினார் என்றது வாஷிங்டன். கடத்திக்கொண்டு போனார்கள் என்றார் அவர். அதன்பின் லத்தோர்த்யூ என்பவரின் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது; மினுஸ்தா என்ற ஐநா படை வந்தது; அரிஸ்டீடின் லவலாஸ் இயக்கத்தவர் பலர் சிறைக்குப் போனார்கள். பலமுறை தள்ளிப்போடப்பட்ட தேர்தல் 2006 பிப்ரவரி 7 அன்று நடந்தது.

தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் மிகப் பெரிய குடிசைப் பகுதி சித்தே சொலேய். அதற்குள் ஒரு வாக்குச்சாவடிகூட அமைக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று காரணம் சொன்னார்கள். அங்குள்ளவர்கள் இருட்டோடு எழுந்து, பகுதிக்கு வெளியே இருந்த மையங்களுக்கு நடந்தே போனார்கள். நாடு முழுவதற்கும் சுமார் 800 மையங்கள்தான். பல இடங்களில் கதவு திறக்கவே சில மணி நேரம் தாமதம். அப்படியும் ஏறத்தாழ 60 சதவீத வாக்குப் பதிவு நடந்தது.

முதலில் வந்த முடிவுகளில் முன்னாள் அதிபர் ரெனே பிரேவால் 60 சதவீதத்துக்கு மேல் பெற்றிருந்தார். எண்ண எண்ண அது குறைந்துகொண்டே வந்து 50க்குக் கீழே, 48.7 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 50ஐத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று. தலைநகரில் டயர்கள் எரிந்தன, சாலைகள் மறிக்கப்பட்டன. தேர்தல் அதிகாரிகள் தங்கள் அலுவல்களை நடத்தி வந்த மொன்டானா ஹோட்டலுக்குள் கூட்டம் புகுந்தது. குன்றின் மேல் இருந்த அந்தச் செல்வர் விடுதியின் நீச்சல் குளத்தில், கீழே குடிநீருக்குக் குடம் தூக்குகிறவர்களின் பிள்ளைகள் குதித்து நீந்தினார்கள். எதையும் உடைக்கவில்லை. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அன்று அந்த ஹோட்டலில்தான் தங்கியிருந்தார். மறுநாள் நகருக்கு வெளியே குப்பைக் கிடங்கில், முத்திரை குத்திய வாக்குச் சீட்டுகள் பாதி எரிந்த நிலையில் கிடந்ததைத் தொலைக்காட்சி காட்டியது.

பிப்ரவரி 16 அதிகாலையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாருக்கும் குறியிடாத வெற்றுச் சீட்டுகள் ஏறத்தாழ 85,000 இருந்தன. அவற்றையும் மொத்தத்தில் சேர்த்து எண்ணியதால்தான் பிரேவாலின் பங்கு குறைந்திருந்தது. அந்தச் சீட்டுகளை வேட்பாளர்களுக்கு அவரவர் பெற்ற விகிதப்படி பிரித்துக் கொடுத்தார்கள். பிரேவாலுக்கு 51 சதவீதம் ஆயிற்று, வெற்றி அறிவிக்கப்பட்டது, தெருக்கள் அடங்கின.

பிறகு அவர் எதிர்க்கட்சிகளையும் சேர்த்து அமைச்சரவை அமைத்தார். யார் மீதும் பழிவாங்கும் நடவடிக்கை எடுக்கவில்லை. உலகமே அதைத் தேசிய நல்லிணக்கம் என்று பாராட்டியது. என் கேள்வி இதுதான்: அந்த ஏற்பாடு கட்சித் தலைவர்களை ஒன்றுசேர்த்தது. அன்று வரிசையில் நின்றவர்களுக்கு அது என்ன செய்தது?

---

தென்பொதிகை

நல்ல தொடக்கம். ஆனால் கேள்வியிலேயே பிரேவால் மீது ஒரு குறை தொனிக்கிறது, அதை நான் ஏற்கவில்லை. அவர் ஏன் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார் என்பது 1991ஐப் பார்த்தால் புரியும்.

1990 டிசம்பர் 16 தேர்தல்தான் ஹைட்டியின் முதல் உண்மையான மக்கள் தேர்தல். பாதிரியாராக இருந்த அரிஸ்டீட் 67 சதவீதம் பெற்றார். உலக வங்கியில் பணியாற்றியவரும் அமெரிக்காவுக்கு உகந்தவருமான மார்க் பாஸான் 14 சதவீதத்தோடு வெகு தூரம் பின்னால். இத்தனை பெரிய வெற்றி பெற்றவர் எட்டு மாதம்கூட ஆளவில்லை. பிப்ரவரி 7 அன்று பதவி ஏற்றார், செப்டம்பர் 30 அன்று ராணுவம் கவிழ்த்தது.

ராணுவமும் பணக்காரக் குடும்பங்களும் செய்த குற்றம் அது, சந்தேகமே இல்லை. ஆனாலும் நாடாளுமன்றத்தில் அவருக்குத் தெளிவான பெரும்பான்மை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தம்மைத் தேர்தலில் நிறுத்திய கூட்டணியைக்கூடக் கலந்து பேசாமல் தம் நண்பரைப் பிரதமராக்கினார். அந்த நண்பர்தான் இதே பிரேவால். ஆகஸ்டில் பிரேவால் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்துகொண்டு உறுப்பினர்களை மிரட்டியது. கூட்டணிக்காரர்களே விலகிப் போனார்கள். கவிழ்ப்பு நடந்தபோது அவருக்காகக் குரல் கொடுக்க அவையில் அதிகம் பேர் இல்லை.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் 2006இல் திரும்பி வருகிறார். முதல் வேலையாக எதிராளிகளை அழைத்துப் பேசுகிறார் என்றால், அவர் கண்ட பாடம் அது. வென்றவன் ஒருவனே ஆளலாம் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அந்நாட்டில் ரத்தம் ஓடியிருக்கிறது. 2006 வசந்தத்தில் ஓடவில்லை. அதைச் சிறிய விஷயமாக எண்ண என்னால் முடியாது.

---

கலைமதி

வெற்றுச் சீட்டு விஷயத்தில் ஒரு சட்டக் கேள்வி. அவற்றையும் மொத்தத்தில் சேர்த்து எண்ணவேண்டும் என்பது அவர்கள் தேர்தல் சட்டத்திலேயே இருந்ததுதானே? அப்படியிருக்க, முடிவு வெளியாகும் நேரத்தில் விதியை மாற்றினால் தோற்றவர் எப்படி ஏற்பார்? இரண்டாமிடம் வந்த மனிகா அதை ஏற்கவில்லை.

---

மருதநிலவன்

ஏற்கவில்லை, உண்மை. அவருக்குச் சுமார் 12 சதவீதம். சட்டப்படி அவர் எழுப்பிய ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. அதே நேரம், குப்பைக் கிடங்கில் சீட்டுகள் எரிந்து கிடந்த பிறகு, எது உண்மையான எண்ணிக்கை என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாத நிலை. வெற்றுச் சீட்டுகள் எல்லாமே வாக்காளர் போட்டவைதானா என்ற சந்தேகமும் எழுந்தது. வெகு தூரம் நடந்து, பல மணி நேரம் நின்றவர்கள் ஒன்றும் குறியிடாமல் போட்டுவிட்டு வருவார்களா என்று மக்கள் கேட்டார்கள்.

மனிகாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1987 நவம்பர் 29 அன்று நடக்கவிருந்த தேர்தலில், தலைநகரின் ருயெல் வையான் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்களிக்க நின்றவர்களைத் துப்பாக்கியாலும் வெட்டுக்கத்தியாலும் கொன்றார்கள். அன்று நாடெங்கும் 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், தேர்தல் நிறுத்தப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ராணுவமே ஒரு தேர்தல் நடத்தியது. முக்கியத் தலைவர்கள் புறக்கணித்த அந்தத் தேர்தலில் அதிபரானவர் மனிகா. ஜூனில் அதே ராணுவம் அவரை இறக்கிவிட்டது. கற்றறிந்த மனிதர், வரலாற்று அறிஞர். ஆனால் 2006இல் அவர் முறைகேடு என்று சொன்னபோது, ருயெல் வையானை மறக்காதவர்கள் காது கொடுக்கவில்லை. அங்கே ஒவ்வொரு தேர்தலும் முந்தைய தேர்தலின் கணக்கைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

---

நெய்தல்மகள்

பேச்சு முழுவதும் அதிபர், பிரதமர், நாடாளுமன்றம் என்றே போகிறது. நான் ராபோட்டோவைப் பற்றி எழுதுகிறேன். மருதநிலவன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொனாய்வ் நகரம் ஹைட்டி மக்களுக்குப் புனிதமான இடம். 1804 ஜனவரி 1 அன்று விடுதலைப் போர்த் தலைவர் தெசாலின் விடுதலையை அறிவித்தது அங்கேதான். 1985 நவம்பரில் துவாலியே குடும்பத்தின் சர்வாதிகார ஆட்சிக்கு எதிரான எழுச்சி பற்றிக்கொண்டதும் அங்கேதான். பள்ளி மாணவர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது, மூன்று மாதத்துக்குள் ஜான்-க்ளோத் துவாலியே பிரான்சுக்கு ஓடினார். அந்நகரின் கடலோரச் சேரி ராபோட்டோ. மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் நிறைந்த பகுதி. அரிஸ்டீடைக் கவிழ்த்த பிறகும் அவர் பெயரைச் சத்தமாகச் சொன்ன இடம்.

1994 ஏப்ரல் 22 விடியற்காலை. படையினரும் ஃப்ராப் என்ற துணை ஆயுதக் குழுவினரும் ராபோட்டோவைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகப் புகுந்து அடித்தார்கள், சுட்டார்கள். ஓடியவர்கள் எப்போதும் ஓடுகிற திசையில், கடலை நோக்கி ஓடினார்கள். ஆபத்து வந்தால் தோணியில் ஏறித் தப்பிப்பது அவர்கள் வழக்கம். அன்று கடல் பக்கமும் ஆள் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரில் இறங்கியவர்களைத் தண்ணீரிலேயே சுட்டார்கள். உடல்கள் அலையோடு போயின. கரை ஒதுங்கியவற்றை எடுத்து அடக்கம் செய்யக் குடும்பத்தினரை விடவில்லை. எத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கை இன்றுவரை உறுதியாகாததற்கு அதுவே காரணம்.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று அரிஸ்டீட் அமெரிக்கப் படைகளின் துணையோடு திரும்பி வந்தார். வன்முறை வேண்டாம், பழிவாங்கல் வேண்டாம், நல்லிணக்கம் வேண்டும் என்று மக்களிடம் கேட்டார். மக்களும் பெருமளவில் அதற்குக் கட்டுப்பட்டார்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோரை இழந்த மக்கள், கொன்றவன் பக்கத்துத் தெருவில் நடமாடுவதைக் கண்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற வாக்குறுதியை நம்பி நின்றார்கள்.

ராபோட்டோ மக்கள் அந்த வாக்குறுதியை விடவில்லை. சங்கம் அமைத்தார்கள், சாட்சியம் சேர்த்தார்கள், ஊர்வலம் போனார்கள். ஆறு ஆண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கொனாய்வ் நகரிலேயே விசாரணை நடந்தது, ஆறு வாரம். வானொலியில் நாடே கேட்டது. அர்ஜென்டினாவிலிருந்து தடயவியல் நிபுணர்கள் வந்து எலும்புகளைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் சாதாரண குடிமக்கள். நேரில் நிறுத்தப்பட்டவர்களில் 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ஆறு பேர் விடுதலை. ஆதாரம் போதாத இடத்தில் விடுதலை செய்யவும் அந்த நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. நாட்டை விட்டுப் போயிருந்த தளபதி செத்ராஸ் உள்ளிட்ட 37 பேருக்கு, அவர்கள் இல்லாமலேயே தண்டனை.

அந்நாட்டில் ஏழைகள் தொடுத்த வழக்கில் ராணுவத் தலைமை தண்டிக்கப்பட்ட தருணம் அது. என்னைப் பொறுத்தவரை ஹைட்டியின் நல்லிணக்கம் உண்மையில் தொடங்கிய இடமும் அதுதான். கொலையாளியைத் தெருவில் விரட்டாமல், கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்.

---

கலைமதி

பிறகு என்ன ஆயிற்று? அந்தத் தீர்ப்பு நிலைத்ததா?

---

நெய்தல்மகள்

நிலைக்கவில்லை. தண்டனை பெற்றவர்களில் ஒருவரான ழான் தாத்தூன் 2002இல் கொனாய்வ் சிறை உடைக்கப்பட்டபோது தப்பினார். 2004 பிப்ரவரியில் அரிஸ்டீடுக்கு எதிராக அந்நகரில் ஆயுதம் ஏந்தியவர்களின் தலைவர்களில் அவரும் ஒருவர். மார்ச்சில் புதிய இடைக்காலப் பிரதமர் லத்தோர்த்யூ கொனாய்வுக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, கூடியிருந்த அந்தக் கிளர்ச்சியாளர்களைப் பார்த்து விடுதலை வீரர்கள் என்று பாராட்டினார். ராபோட்டோவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வீட்டிலிருந்தே கேட்டிருக்கக்கூடிய தூரத்தில் அது நடந்தது.

2005 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜூரித் தீர்ப்பை ரத்து செய்தது. இந்த வழக்கை ஜூரி விசாரித்திருக்கவே கூடாது என்பது காரணம். ஆறு வாரம் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களின் உழைப்பு ஒரு தாளில் முடிந்தது.

ஆகவே 2006 பிப்ரவரியில் வரிசையில் நின்றவர்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பறிகொடுத்திருந்தார்கள்: தேர்ந்தெடுத்த அதிபரை 2004இலும், நீதிமன்றத் தீர்ப்பை 2005இலும். பிரேவாலின் சமரசத்தில் முதலாவதற்கு ஓரளவு பதில் இருந்தது. இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். தண்டிக்கப்பட்ட கர்னல்களில் ஒருவரான கார்ல் டோரெலியன் அமெரிக்காவுக்குப் போய் ஃப்ளோரிடாவில் குடியேறியிருந்தார். 1997இல் அவருக்கு லாட்டரியில் 32 லட்சம் டாலர் விழுந்தது. ராபோட்டோ மக்களின் வழக்கறிஞர்கள் அங்கே வழக்குப் போட்டு அதில் ஒரு பகுதியைப் பிடித்தார்கள். 2008இல் நான்கு லட்சம் டாலருக்கு மேல் ராபோட்டோ குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டது. சொந்த நாட்டு அரசிடமிருந்து அவர்களுக்கு வரவேண்டிய நட்ட ஈட்டைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

---

நல்லூர்க்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நெய்தல்மகள் எழுதியதை வாசித்த பிறகு உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

ஹைட்டியிலும் ஓர் உண்மை ஆணைக்குழு இருந்தது. அரிஸ்டீட் திரும்பி வந்தவுடன் அமைத்தார். சமூகவியலாளர் பிரான்சுவாஸ் பூக்கார் தலைமை தாங்கினார். 5,000க்கும் அதிகமானோர் சாட்சியமளித்தனர். பாலியல் வன்முறையை ஓர் அடக்குமுறை ஆயுதமாகவே பதிவு செய்தது அதன் தனிச் சிறப்பு. 1996 பெப்ரவரியில், அரிஸ்டீடின் பதவிக் காலம் முடிய இரண்டு நாட்கள் இருக்கையில் அறிக்கை கையளிக்கப்பட்டது. மிகக் குறைந்த பிரதிகளே அச்சிடப்பட்டன. சாட்சி சொன்ன கிராமத்தவருக்கு அந்தப் புத்தகம் போய்ச் சேரவே இல்லை. ஆணைக்குழு, அறிக்கை, பிறகு அலமாரி என்ற வரிசை எங்களுக்கு மனப்பாடம். அதனால் இந்த இடம் எனக்கு விளங்குகிறது. மேலே விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கப் படையினர் 1994இல் இறங்கியபோது இராணுவத்தினதும் ஃப்ராப்பினதும் ஆவணங்கள் ஏறத்தாழ 1,60,000 பக்கங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஹைட்டி அரசு கேட்டபோது, அமெரிக்கர்களின் பெயர்களை நீக்கித்தான் தருவோம் என்றார்கள். ஃப்ராப்பின் தலைவர் இம்மானுவல் கொன்ஸ்தான் தனக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்ததைத் தானே சொன்னவர். பல ஆண்டுகள் நியூயோர்க்கில் வாழ்ந்தார். 2020இல்தான் நாடு கடத்தப்பட்டார். சான்று அயல்நாட்டில், குற்றம் சாட்டப்பட்டவனும் அயல்நாட்டில். மிச்சமிருக்கும் சனங்களிடம் மட்டும் மன்னித்துவிடு என்று கேட்பது எப்படி நியாயமாகும்?

இலங்கையோடு நேரடித் தொடர்புள்ள ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். மினுஸ்தா படையில் இலங்கை இராணுவத்தினர் ஏறத்தாழ 950 பேர் இருந்தனர். 2007 நவம்பரில் அவர்களில் 100க்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர் சிறுமியரும் உண்டு. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் 2017இல் எழுதியது. ஒரு தேர்தலுக்குக் காவல் நிற்கவும் நல்லிணக்கத்தை வளர்க்கவும் என்று அனுப்பப்பட்ட படை அது. எங்கள் தீவில் கேட்கப்படாத கேள்விகள் அந்தத் தீவுக்கும் கப்பலேறிப் போயின. அந்தப் பிள்ளைகளுக்கு இலங்கை அரசு இன்னமும் கடன்பட்டிருக்கிறது.

---

தென்பொதிகை

நல்லூர்க்காரன் அண்ணா, நெய்தல்மகள், இரண்டு பதிவுகளையும் மரியாதையோடு வாசித்தேன். ராபோட்டோ தீர்ப்பை நானும் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். 2006 மே மாதம் பதவியேற்ற பிரேவாலின் கையில் என்ன இருந்தது? ராணுவம் 1995லேயே கலைக்கப்பட்டுவிட்டது; காவல் துறை சில ஆயிரம் பேர்; அதிலும் பலர் எதிர்ப் பக்கம். துப்பாக்கி ஐநாவிடம். பட்ஜெட் வெளிநாட்டு உதவியில். நீதிபதிகளில் பலர் லத்தோர்த்யூ காலத்தில் அமர்த்தப்பட்டவர்கள். இந்த நிலையில் ராபோட்டோ வழக்கை மறுபடி திறந்திருந்தால் அவர் ஆறு மாதம் நாற்காலியில் இருந்திருப்பாரா?

அவரால் முடிந்ததைச் செய்தார். முன்னாள் பிரதமர் இவோன் நெப்ட்யூன் இரண்டு ஆண்டுகளாக விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்; உண்ணாவிரதத்தால் உயிர் போகும் நிலைக்கு வந்தவர். 2006 ஜூலையில் வெளியே வந்தார். லவலாஸ் கைதிகள் வேறு சிலரும் விடுதலையானார்கள். மறுபக்கம், 2004இல் கவிழ்ப்பை ஆதரித்த கட்சிகளுக்கும் அமைச்சர் பதவி. சிறைக் கதவைத் திறப்பதும் மேசையில் இடம் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடந்தன. அரிதான காரியம் அது.

---

பாலாற்றங்கரை

மேசை, நாற்காலி, கூண்டு எல்லாம் பேசிவிட்டீர்கள். அரிசியை யாரும் பேசவில்லை.

1980கள் வரை ஹைட்டி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கு அவர்களின் நெற்களஞ்சியம். கொனாய்வ் இருப்பது அதே மாகாணத்தில். அரிஸ்டீடை மீண்டும் கொண்டுவந்து உட்கார வைத்தபோது விதித்த நிபந்தனைகளில் இறக்குமதி வரிக் குறைப்பும் ஒன்று. 1995இல் அரிசி மீதான வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. அமெரிக்க அரசின் மானியத்தோடு விளைந்த அர்கன்சாஸ் அரிசி வந்து குவிந்தது. பள்ளத்தாக்கு விவசாயி நிலத்தை விட்டுச் சித்தே சொலேய்க்கு வந்தான். அந்த மனிதர்தான் 2006இல் இருட்டில் எழுந்து வாக்களிக்க நடந்தவர். அந்த வரிக் குறைப்பு தம் மாநில விவசாயிகளுக்கு நன்மையாகவும் ஹைட்டிக்குக் கேடாகவும் முடிந்ததென்று 2010இல் முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

2008 ஏப்ரலில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. லே கே நகரில் தொடங்கிய கலவரம் தலைநகரில் அதிபர் மாளிகை வாசல் வரை வந்தது. ஏப்ரல் 12 அன்று செனட் பிரதமர் அலெக்ஸியை நீக்கியது. தென்பொதிகை பாராட்டும் அந்தச் சமரச அமைச்சரவை அப்படித்தான் முடிந்தது. எல்லாக் கட்சியும் உட்கார்ந்திருந்தன, சோற்றுக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1825. அடிமைகளாயிருந்தவர்கள் விடுதலை பெற்றதற்காக, அடிமைகளை இழந்த பிரெஞ்சு எஜமானர்களுக்கு 15 கோடி ஃபிராங்க் நட்ட ஈடு தரவேண்டும் என்று மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க் கப்பல்களை அனுப்பிக் கையெழுத்து வாங்கினார். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களின் மிச்சம் தீர்ந்தது 1947இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் காபி விற்ற காசு பாரிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனது. பள்ளிக்கூடமோ சாலையோ நீதிமன்றமோ கட்டப் பணம் இல்லை. 2025 ஏப்ரலில் மக்ரோன் இதை ஆராய வரலாற்று அறிஞர் குழு அமைப்பதாக அறிவித்தார். ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? கணக்குப் புத்தகங்கள் அவர்களிடமே உள்ளன. நல்லிணக்கம் என்று பேசினால் பிரான்ஸையும் அந்த மேசைக்கு அழைக்கவேண்டும்.

---

கலைமதி

இதை எல்லாம் பள்ளியில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. பிரெஞ்சுப் புரட்சி மட்டும் இரண்டு பாடம்.

---

மருதநிலவன்

தென்பொதிகைக்கு என் பதில். பிரேவால் நல்லவர் அல்லர் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டு, முழுக் காலம் ஆண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட அடுத்தவரிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போனவர். அதுவும் இரண்டு முறை. அந்நாட்டு வரலாற்றில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை. 2017இல் அவர் மறைந்தபோது எதிரிகளும் அதைச் சொன்னார்கள்.

ஆனால் அவருடைய இரண்டாம் பதவிக் காலத்தின் முடிவைப் பாருங்கள். 2010 ஜனவரி 12 நிலநடுக்கம். அக்டோபரில் ஐநா படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த காலரா; ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றது; மன்னிப்புக் கேட்க ஐநாவுக்கு 2016 டிசம்பர் வரை ஆயிற்று. இவற்றின் நடுவே நவம்பர் 28 அன்று தேர்தல். லவலாஸ் கட்சி போட்டியிட அனுமதிக்கப்படவில்லை. கூடாரங்களில் இருந்தவர்கள் தங்கள் பெயர் எந்த மையத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அலைந்தார்கள். வாக்குப் பதிவு கால் பங்குகூட இல்லை. தேர்தல் குழு அறிவித்த முடிவில் பிரேவாலின் வேட்பாளர் செலெஸ்தான் இரண்டாமிடம். அமெரிக்க நாடுகள் அமைப்பின் நிபுணர் குழு வந்து, மறுபடி முழுதாக எண்ணாமலேயே, அவரை மூன்றாமிடத்துக்குத் தள்ளிப் பாடகர் மார்ட்டெல்லியை இரண்டாம் சுற்றுக்கு ஏற்றியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் நேரில் வந்து வலியுறுத்தினார். மார்ட்டெல்லி அதிபரானார்.

2006இல் உள்ளூர்க்காரர்கள் பேசி முடித்த சமரசத்தையாவது அவர்களுடையது என்று சொல்லலாம். 2011இல் அந்த உரிமையும் போயிற்று. 2016 நவம்பரில் ஜோவெனெல் மொயிஸ் வென்றபோது, பதிவுபெற்ற வாக்காளரில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். 2006இல் ஐந்தில் மூவர் வந்தார்கள். பத்தே ஆண்டுகளில் இந்தச் சரிவு. சோம்பல் என்று இதைச் சொல்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாக்குச் சீட்டு குப்பையில் எரிந்ததையும், ஜூரித் தீர்ப்பு ஒரு தாளில் கரைந்ததையும், வெளியூர்க் குழு வந்து வரிசையை மாற்றியதையும் கண்டவர்கள் அவர்கள்.

---

தென்பொதிகை

இந்த எண்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சமரசம் தலைவர்களோடு நின்றுவிட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் தலைவர்கள் சமரசம் இல்லாத நிலை அதைவிடக் கொடியது என்பதை 2021க்குப் பிறகு பார்க்கிறோமே. ஜூலை 7 அன்று மொயிஸ் தம் படுக்கையறையில் கொல்லப்பட்டார். 2023 ஜனவரியில் கடைசிப் பத்து செனட்டர்களின் பதவிக் காலமும் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஒரு தேசியப் பிரதிநிதிகூட இல்லாத நாடாக ஆயிற்று. 2024இல் ஆயுதக் கும்பல்கள் விமான நிலையத்தை முடக்கி, சிறைகளை உடைத்து, வெளிநாடு போயிருந்த பிரதமர் ஆரியல் ஹென்றியைத் திரும்பி வரவிடாமல் செய்தன. அதன்பின் ஒன்பது பேர் கொண்ட மாற்றுக்கால அதிபர் குழு. எல்லாத் தரப்பும் உட்கார்ந்த அந்தக் குழுவும் பிரதமர் யார் என்பதிலேயே அடித்துக்கொண்டது.

---

நெய்தல்மகள்

அந்தக் குழுவில் வாக்குரிமையோடு ஏழு பேர். பெண் ஒருவர்கூட இல்லை. இருந்த ஒரே பெண்ணுக்குப் பார்வையாளர் இடம்தான் தந்தார்கள். ராபோட்டோ வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களில் எத்தனையோ பெண்கள் உண்டு. சந்தைக்குச் சுமை தூக்கி, அந்நாட்டின் வணிகத்தைத் தலையில் சுமப்பவர்களும் பெண்கள்தான்.

இப்போது கும்பல் தலைவர்களோடு பேசிப் பொது மன்னிப்பு கொடுக்கலாமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அவர்களுக்குள்ளும் பசியால் துப்பாக்கி தூக்கிய சிறுவர்கள் இருக்கிறார்கள்; அந்தச் சிறுவர்களை மீட்டெடுக்கவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அவர்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த அரசியல்வாதிகளும் முதலாளிகளும் அதே மன்னிப்புத் தாளுக்குள் நுழைந்துகொள்ளக்கூடாது. 1994இல் கேட்காமல் விட்ட கேள்விக்கு விலை 2004இல் கொடுத்தார்கள்.

---

நல்லூர்க்காரன்

அதோடு உடன்படுகிறேன். தேர்தலுக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. தீர்ப்பு ரத்தானாலும் ராபோட்டோ வழக்கின் சாட்சியங்கள் பதிவில் உள்ளன. உண்மை ஆணைக்குழுவின் அறிக்கையும் உண்டு. அவற்றைக் கிரியோல் மொழியில், வானொலியில் வாசித்தாலே போதும். அந்த நாட்டில் வானொலி போகாத மலைக் கிராமம் குறைவு. செலவும் அதிகமில்லை. ஒரு புதிய அரசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

---

கலைமதி

கடைசியாக ஒரு கேள்வி. இனி அங்கே தேர்தல் செய்தி வரும்போது, அது உண்மையான தேர்தலா என்று தெரிந்துகொள்ள நம்மைப் போன்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? யார் வென்றார் என்பதைத் தவிர.

---

மருதநிலவன்

நான் கவனிக்கப்போவதைச் சொல்கிறேன்.

முதலில், இடம்பெயர்ந்தவர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து பள்ளிக்கூடங்களிலும் மைதானங்களிலும் தங்கியிருக்கிறார்கள். பலரின் அடையாள அட்டை வீட்டோடு எரிந்துவிட்டது. 2010இல் செய்த பிழை திரும்ப நடக்கக்கூடாது என்றால், அவர்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்திலேயே வாக்களிக்கப் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவு எத்தனை முகாம்களில் நடந்தது என்ற செய்தியைத்தான் முதலில் தேடுவேன்.

அடுத்தது தேர்தல் குழு. 1987 அரசியல் சட்டம் நிரந்தரத் தேர்தல் குழு வேண்டும் என்றது. அதை அமைக்கும்வரை நடத்தட்டும் என்று ஏற்படுத்திய தற்காலிகக் குழுதான், ஆட்களை மாற்றி மாற்றி இன்றுவரை ஒவ்வொரு தேர்தலையும் நடத்துகிறது. அந்தக் குழுவுக்கு ஆட்களை யார் அனுப்பினார்கள், எண்ணிக்கைத் தாளை மையத்தின் கதவிலேயே ஒட்டுகிறார்களா, அதை ஊர்க்காரர்கள் படமெடுத்துக்கொள்ள விடுகிறார்களா என்று பார்ப்பேன். எண்ணிக்கையில் தகராறு வந்தால் அதை யார் தீர்க்கிறார்கள், ஹைட்டி நீதிமன்றமா விமானத்தில் வந்து இறங்கும் குழுவா என்பதும் முக்கியம்.

கடைசியாக, சித்தே சொலேய்க்கு உள்ளே எத்தனை வாக்குச்சாவடி வைக்கிறார்கள் என்று பார்ப்பேன். வரைபடம் வெளியானதும் இந்த இழையிலேயே இணைக்கிறேன்.